பதினான்கு நாள்

கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள்
என்றுதான் எல்லாக் கேள்வியும் தொடங்கும்.
எத்தனை நாள் தூக்கம் வரவில்லை,
எத்தனை நாள் சோறு இறங்கவில்லை,
எத்தனை நாள்
நாம் இல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.
கடைசிக் கேள்விக்குக் குரலைத் தாழ்த்தாதீர்கள்,
மற்றதைப் போலவே கேளுங்கள் என்று
பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

பொதட்டூர்பேட்டை, எட்டாம் வகுப்பு ஆ பிரிவு.
சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் இரண்டு நாற்காலி.
பெயர் எழுதக் கூடாது. அவன் எண் நாற்பத்தொன்று.
"திகுலுகா உந்தி" என்றான்.
திகில் என்று விழுந்தது என் காதில்.
அச்சம் என்ற கட்டத்தைத் தொட்டேன்.

திருத்தணி பஸ்ஸில் திரும்பும்போது
பக்கத்து இருக்கைக்காரி போனில் யாரிடமோ
அதே சொல்லைச் சொன்னாள்,
சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள்.
பயந்தவள் மாதிரியே இல்லை.
திருத்தம் கேட்டு மேலே எழுதினேன்.
பூட்டிய தரவைத் திறக்க முடியாதாம்.

ஆறு மாதம் கழித்து இரண்டாம் சுற்று.
நாற்பத்தொன்று வருகைப் பதிவில் இல்லை.
'தொடர்பு அறுந்தது' என்றொரு கட்டம் உண்டு,
தொட்டால் அடுத்த எண்ணுக்குப் போய்விடலாம்.
நகரியில் மாமா வீட்டில் இருக்கிறான் என்றாள் ஒரு பெண்.
சோதனைச் சாவடியில் லாரிகள் நின்றன,
ஷேர் ஆட்டோ நிற்காமல் போனது.

விசைத்தறிச் சத்தத்தில் எதையும் கத்தித்தான் கேட்க வேண்டும்.
இந்தக் கேள்விகளைக் கத்தியா கேட்பது?
தெருவுக்கு வந்தான், தலைமுடியில் பஞ்சு.
"மறுபடி வருவேன்னு சொன்னீங்களே" என்று
உள்ளே போய்க் கணக்கு நோட்டோடு வந்தான்.
கடைசிப் பக்கங்களில் ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டங்கள்,
தேதி தேதியாக.
இருந்த நாள் கறுப்பு. மதியத்துக்கு மேல் வந்தால் பாதிக் கறுப்பு.
"போன தடவ சும்மா குத்துமதிப்பா சொல்லிட்டேன்க்கா."

வெள்ளை பதினொன்று.
ஒன்றைத் தொட்டு, அன்றைக்கு என்ன என்றேன்.
"அன்னிக்குப் பூரா கரண்ட் இல்ல."

என் கருவி பதினான்குக்கு மேல் எண் ஏற்காது.
பதினான்கு என்று தட்டினேன், பச்சை விளக்கு எரிந்தது.
பரிந்துரைச் சீட்டு திருத்தணி ஆஸ்பத்திரிக்கு.
எல்லை தாண்டி வந்தவனைப் பார்ப்பார்களா,
தெரியாது.
கேட்டு, முதல் முறையாகப் பெயரை எழுதினேன்:
ஹேமாத்ரி.

என்ன கிழமை என்றான்.
செவ்வாய்.
நோட்டில் விரல்விட்டு எண்ணிப் போய்
இன்னும் வராத அந்தக் கட்டத்தின் மூலையில்
பென்சிலால் ஒரு புள்ளி வைத்தான்.