கூடும்

பகாவ் அரசு கிளினிக்கில்
மருந்து கொடுக்கும் இரண்டாம் ஜன்னல் என்னுடையது.
பதினோரு வருடமாக, மாதம் ஒருமுறை,
குனிந்து அந்த ஓட்டையில் முகம் காட்டுவார் சன்னாசி.
"பிலோமினா, பசியாறியாச்சா?"
நான் எண்ணிக்கொண்டிருப்பேன்.
எண்ணும்போது பேசினால் ஒரு மாத்திரை கூடிவிடும்.
தலையை மட்டும் ஆட்டுவேன்.

செம்பனைக் குலை ஏற்றும் லாரி அவருடையது;
அவருடையது என்றால், கம்பெனியுடையது.
ஏர்கோன் செத்து எத்தனையோ வருடம்.
கண்ணாடியை இறக்கி, வலது முழங்கையைக் கதவின்மேல் போட்டு
காலையில் மில்லுக்கு, உச்சியில் மில்லுக்கு,
மூன்று மணிக்கு மறுபடியும் மில்லுக்கு.
இடது கை மாநிறம்.
வலது கை யாரிடமோ இரவல் வாங்கியது போல.
"இது பொண்டாட்டி கை, இது கம்பெனி கை"
என்று இரண்டையும் தூக்கிக் காட்டுவார்.

ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை.
உப்பையும் நீரையும் உடம்பிலிருந்து இறக்கும்.
அதன் முழுப்பெயர் லேபிளில் ஒரு வரிக்குள் அடங்காது,
மடங்கி அடுத்த வரிக்குப் போகும்.
காலையில் ஒன்று. சாப்பிட்ட பின்.
மலாயில் அச்சாகியிருக்கும், நான் தமிழில் சொல்வேன்.
வெயிலைப் பற்றி லேபிள் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.

சென்ற மார்ச்சில் பையை வாங்க
ஜன்னலுக்குள் நீண்டது அந்தக் கை.
மணிக்கட்டுக்கு மேலே ஐந்து காசு அளவில்
பொருக்குத் தட்டி, நடுவில் ஈரமாய் ஒன்று.
"குலை முள்ளு கீறினது. ஆறமாட்டேங்குது."
எப்போது?
"தீபாவளிக்கு முன்னால."

அன்று எனக்கு எண்ணிக்கை தப்பியது.

டாக்டர் ஹஸ்லிண்டா சிரம்பானுக்குக் கடிதம் எழுதினார்.
வெட்டினார்கள், சதையை அனுப்பினார்கள், பெயர் வந்தது.
"நம்ம கறுப்புத் தோலுக்கெல்லாம் இது வருமா?"
வராது, அது வெள்ளைக்காரன் சீக்கு என்றார்கள்
லாரி ஷெட்டில், முடிவெட்டும் கடையில், கோயில் கமிட்டியில்.
அதற்குள் பத்துத் தையல் போட்டாகிவிட்டது.

மாத்திரைப் பெட்டிக்குள் ஒரு தாள் வரும்.
வெங்காயத் தோல் மெல்லிசு, எறும்பு எழுத்து.
பெட்டியைப் பிரித்ததும் முதலில் குப்பைக்குப் போவது அதுதான்.
அன்று மாலை ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.
ஒன்பதாவது மடிப்பில் இருந்தது.
தமிழில் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன்:
நெடுநாள் உட்கொண்டால்,
தோலில் புற்று வரக்கூடும்.
வாய்ப்பு கூடும்.
அதே சொல்தான். முதலாவது தயங்குகிறது,
இரண்டாவது வளர்கிறது.
மாத்திரையா, முப்பது வருட லாரி ஜன்னலா,
எதில் எவ்வளவு என்று
தாளிலும் இல்லை, சிரம்பானிலும் இல்லை.

"அப்ப இந்தச் சனியனைத் தூக்கிப் போட்டுடறேன்" என்றார்.
முதல் தடவையாகக் கதவைத் திறந்து வெளியே ஓடினேன்.
போடாதீங்க அண்ணே.
அழுத்தம் ஏறினால் லாரியோடு சாய்வீங்க.
டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்வோம்.
மாற்றினார்கள்.
புதியதன் பெயர் ஒரே வரியில் அடங்குகிறது.

இப்போது வலது கையில் சிவப்புக் காலுறை போட்டு வருகிறார்,
பாதத்தை வெட்டியெறிந்த பந்தாட்டக் காலுறை.
பள்ளி அணியில் கோல்கீப்பராம் மகன்,
ஒற்றைக் காலோடு நிற்கிறேன் என்று கத்துகிறானாம்.
ஏர்கோனுக்குக் கம்பெனியிடம் மனுக் கொடுத்திருக்கிறார்.
பதில் வரவில்லை.

நேற்று முகப்பருவுக்குக் கேப்சூல் வாங்கினாள் ஒரு பெண்,
தோளில் வலைப்பந்துப் பை.
அந்தக் கேப்சூலுக்கும் வெயிலுக்கும் ஆகாது.
மைதானம், நேரம், தொப்பி, எல்லாம் கேட்டேன்.
முதல் ஜன்னலில் நோர்லைலா என்னை முறைக்கிறாள்,
என் வரிசை நகரவில்லை.
அடுத்த எண் பலகையில் எரிகிறது.
கையை நீட்டுங்க என்கிறேன்.
சீட்டை நீட்டுகிறார்கள்.

சீட்டு இல்லை.
கை.