செவ்வாய்க்கிழமைக்காரன்

அனிச்சங்குளத்து நாய்களுக்கு
என் மோட்டார் சைக்கிளை இன்னும் தெரியும்.
வேலை மாறிய கதையை
அவற்றுக்கு யாரும் அறிவிக்கவில்லை.

ஆறு வருடம், செவ்வாய் தோறும்,
ஒன்பது மணிக்கு முன்னம்
இந்த ஒழுங்கைக்குள் வந்தவன் நான்.
குழுக்கடன். ஐந்து பெண்கள், ஒரு பாய்.
ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும்
எழும்பக் கூடாது.
அப்படி ஒரு நாள், மதியம் தாண்டியும்
நான் பாலை மர நிழலில் கதிரை போட்டு
போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பாயில் ஒரு குழந்தை அழுது, தூங்கி,
எழும்பி மறுபடி அழுதது.
ஒன்றே முக்காலுக்குக் காசு வந்தது.
எங்கிருந்து என்று கேட்கும் வழக்கம்
எங்கள் கம்பனியில் இல்லை.

மீளளிப்பு வீதம் தொண்ணூற்றெட்டு.
வவுனியாவில் ஒரு ஹோட்டலில் வைத்து
கேடயம் தந்தார்கள், தங்க நிறப் பிளாஸ்டிக்.
எலி தள்ளாமல் இருக்க
அது இப்போது அரிசி வாளி மூடியின் மேல் நிற்கிறது.

ஏன் இந்தப் பக்கம் வந்தீர் என்று
நேர்முகத் தேர்வில் கேட்டார்கள்.
மக்களுக்குச் சேவை செய்ய, என்றேன்.
எனக்கு முன்னால் போனவனும்
அதைத்தான் சொல்லியிருப்பான்.
உண்மை அதைவிடச் சின்னது.
பதவி உயர்வுக்காகத்தான் வெளிவாரியில் பொருளியல் படித்தேன்.
ஒரு இரவு, கரண்ட் போய், டோர்ச் வெளிச்சத்தில்
நுகர்வுச் சமன்பாடு.
பயிற்சிக்கு எண்கள் வேண்டியிருந்தது,
பக்கத்தில் கிடந்த வசூல் கொப்பியிலிருந்து
ஒரு வீட்டை எடுத்தேன்.
வருமானம், அதில் தவணை போக,
வட்டிக்கு வாங்கிய வட்டி போக,
மூன்று பேருக்கு ஒரு நாளைக்கு நூற்றுப் பத்து ரூபாய்.
பிழை என்று அழித்துவிட்டு மறுபடி செய்தேன்.
பற்றரி தீரும் வரை செய்தேன்.
விடை மாறவில்லை.

புதுச் சம்பளத்தை நிரோஜா ஒருதரம் பார்த்தாள்.
கொமிசன் இல்லை, பெற்றோல் காசு இல்லை.
"பொருளியலாளருக்கு முதல்ல
வீட்டுக் கணக்குத் தெரியவேணும்" என்றாள்.
காப்பை அடகு வைக்க அவளே போனாள்.
நான் கேட்கவில்லை. தடுக்கவும் இல்லை.

இப்போது என் கையில் பிரதேச செயலகத்து டப்.
வீட்டுச் செலவு மதிப்பீடு, இருநூற்றுப் பதினெட்டுக் கேள்வி.
அன்றும் பார்த்து ஒரு செவ்வாய்.
விமலாம்பிகை படலையில் என்னைக் கண்டதும்
கை தன்பாட்டில் காசுப் பையைத் தேடியது.
"காசுக்கு வரேல்ல அக்கா,
காசைப் பற்றிக் கேக்க வந்தனான்."
"ரெண்டும் ஒண்டுதான்."

கடந்த ஏழு நாளில் தேங்காய்?
"ரெண்டு. ஒண்டு அழுகல்."
முட்டை?
"கோழி இடுது."
சாப்பிட்டது?
"கோழி இடுது எண்டுதானே சொன்னனான்."
இரவுச் சாப்பாடு, கிழமைக்கு எத்தனை?
அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.
"செவ்வாய்க்கு நீ வருவாய் எண்டு
திங்களிரவு நாங்கள் அடுப்பு மூட்டுறேல்ல.
இப்ப வேற பெடியன் வாறான்,
இப்பவும் மூட்டுறேல்ல.
அதுக்கு உன்ர பெட்டியில இடம் இருக்கோ?"

இருக்கவில்லை.
ஏனையவை என்ற இடத்தில் எழுதினேன்.
எண் மட்டும் இடுக, என்றது திரை.
தேத்தண்ணி தரவில்லை. ஏன் தரவேணும்.

அன்றிரவே படிவத்தில் நாட்களைப் பிரித்தேன்.
அனுமதி கேட்டுக் கடிதம், நினைவூட்டல் கடிதம்,
மாரி முடிந்து பாதை காயும் வரை பொறுத்து
எண்பத்தாறு வீடுகளுக்கு மறுபடி போனேன்.
சிலர் கதவைத் திறக்கவில்லை.
சிலர் திறந்து, தவணை அட்டையை நீட்டினார்கள்.

துணுக்காயில், காற்றாடி கிறீச்சிடும் அறையில்
பணிப்பாளர் அட்டவணை பதினேழில் விரலை வைத்தார்.
ஆறு நாள் மட்டமாகப் போகும் கோடு
திங்களில் விழுந்து கிடந்தது.
"இதென்ன, பதிவுப் பிழையோ?
எடுத்து விடுவமே?"
இல்லை சேர், என்றேன்.
எனக்கு அந்த இடம் தெரியும்.
"அப்ப விளங்கப்படுத்தும்."
கதிரையை இழுத்துப் போட்டார்.
நான் நின்றபடியே
பாயிலிருந்து தொடங்கினேன்.