நாலாயிரம் ஹேர்ட்ஸ்

கொக்குவில் சந்தியில், போன் கடைக்கு மேலே
விதுர்சியின் அறை.
சுவரெல்லாம் முட்டை அடுக்குகிற மட்டைகள்.
"இது எதிரொலியைத் தின்னாது,
ஒரு மனத்திருப்திக்குத்தான்" என்கிறாள்.
மணித்தியாலத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு.
வெள்ளி ஐந்தரை. பிந்தினால் பிந்தினதுதான்.

எனக்கு நாற்பத்தொன்பது, அவளுக்கு இருபத்துமூன்று.
முதல் நாள் "அங்கிள்" என்றாள்,
அடுத்த கிழமை "சேர்".
பெயர் வைக்காத பதினேழு ட்ராக்குகளை
நான் குவித்து வைத்திருந்ததைக் கண்ட அன்று
"ஜெயரூபன், இதென்ன குப்பை?"
அதற்குப் பிறகுதான் எனக்குப் பாடம் ஏறியது.

கொம்பிரஸர் எதற்கு என்று கேட்டேன்.
"கத்துறவனை அமத்தி, முனகிறவனைத் தூக்கி விடும்."
நல்ல சாமானாயிருக்கே என்றேன்.
"கூடப் போட்டால் ஒருத்தரும் மூச்சு விடேலாது."

பகலில் நான் ஆசுபத்திரியில் காது சோதிப்பவன்.
கண்ணாடிக்கு அப்பால் ஆட்களை இருத்தி
"சத்தம் கேட்டால் கையை உயர்த்துங்கோ" என்பேன்.
ஐந்நூறு. ஆயிரம். இரண்டாயிரம்.
வலக்காதுக்கு வட்டம், இடக்காதுக்குப் பெருக்கல் குறி.
என் வயதுக்காரர் பலருக்கு
நாலாயிரத்தில் கோடு கிணற்றில் விழும்.
காரணம் என்றொரு கட்டம் படிவத்தில் உண்டு.
"சத்தம்" என்று எழுதிவிட்டு
அடுத்த ஆளைக் கூப்பிடுவேன்.

எட்டாவது வெள்ளி. என் முதல் மெட்டு,
மூன்று நிமிடம் பத்து வினாடி.
(மூன்றரை இருந்தது.
போன கிழமை கரண்ட் போனபோது
மிச்சம் இருபது வினாடியும் போய்விட்டது.)
கேட்டுக்கொண்டே இருந்தவள் முகத்தைச் சுளித்தாள்.
"இடப்பக்கம் ஏன் இப்பிடிக் குத்துது?
ஹை-ஹட்டா, ஊசியா?"
ஹெட்போன் பழசு என்றேன்.
தன்னுடையதைக் கழற்றித் தந்தாள்.
காதுறையில் அவளுடைய சூடு மாறவில்லை.
இதில் சரியாகத்தானே இருக்கு என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லாமல் எதையோ அழுத்தினாள்.
காத்திருந்தேன்.
"எப்ப தொடங்குவீங்கள்?" என்று கேட்டேன்.
அவள் திரையைப் பார்த்தாள், பிறகு என்னை.
திரையில் நாலாயிரத்துக்கு மேலே
ஒற்றைப் பனைபோல ஒரு கோடு நின்றது.
நின்றுகொண்டே இருந்தது.

இருபத்தோராண்டு அந்தக் கண்ணாடிக்கு
இந்தப் பக்கமே இருந்திருக்கிறேன்.

காரணம் கேட்பாள் என்று பயந்தேன்.
கேட்கவில்லை.
கோட்டைப் பிடித்து ஆறு டெசிபெல் கீழே இழுத்தாள்,
தலையணையைத் தட்டிச் சரிசெய்கிறவள் மாதிரி.
"ஆயிரத்துக்கு மேலை நான் பாக்கிறன்.
பேஸ் உங்கட. அது வடிவாயிருக்கு.
ஆனா இனி காதை மட்டும் நம்பாதேங்கோ,
கண்ணையும் திறந்து வைச்சிருங்கோ."
திரும்பப் போட்டாள்.
எனக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை.
அவளின் நெற்றி மட்டும் சுருக்கம் விட்டிருந்தது.
அதைப் பார்த்து "ஓம், இப்ப சரி" என்றேன்.

இரும்புப் படியால் இறங்கினேன்.
இடப்பக்கம் பாண் ஓட்டோ தன் மணிமெட்டோடு
எனக்கு மிகக் கிட்ட வந்து ப்ரேக் அடித்தது.
"கேக்கேல்லையோ ஐயா?"
கேட்டதில் பாதி என்று சொல்ல வாயெடுத்து,
இரண்டு றோஸ் பாண் வாங்கினேன்.
ஒன்றை மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன்.
அடுத்த வெள்ளிக்கு அவள் தந்த வீட்டுவேலை:
நாலு அடி தாளம்,
அதில் ஓரடி வெறுமையாய் இருக்க வேண்டும்.