ஐம்பத்து மூன்றாவது கோடு

முப்பத்தொரு பல்.
ஒரு சுற்றுக்கு முப்பத்தொரு முறை பேசலாம்.
வாய் நீண்டால் அறுபத்திரண்டு, தொண்ணூற்று மூன்று.
வாய்ப்பாடு அவ்வளவுதான்.
ஏழாம் எந்திரம் அரைத்துத் தள்ளிய சக்கரமோ
ஐம்பத்து மூன்று என்கிறது.

எவரோடும் பங்குக்கு வராத எண்.
எந்தப் பல்லுக்கும் சொந்தமில்லாத ஒலி.
எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் பேய்.
அறிக்கையில் அப்படி எழுதக் கூடாது.

ஜியோர் நகரம், நவம்பர், இரவு ஷிப்ட்.
ராபா ஆற்றிலிருந்து ஏறிவந்த மூடுபனி
லாரிகளின் பெயர்ப்பலகைகளை அழித்துவிட்டிருக்கிறது.
உள்ளே சாணைக்கல் திருகித் திருகி இறங்க
எண்ணெய் பால்போல் கொட்டுகிறது.
ஒரு சக்கரத்துக்கு நாற்பது நொடி.
ஒரு நொடிக்கு ஐம்பதாயிரம் எண்கள்:
சுழல்தண்டு குடித்த மின்சாரம்,
தாங்கியின் முதுகில் ஒட்டிய உணரி பெற்ற நடுக்கம்.
அத்தனையும் என் திரையில் வந்து விழும்.
நான் அதைச் சிக்கெடுத்துக் கோடு கோடாக நிறுத்துவேன்.

"எமோகே, அளவறை பச்சை காட்டியாயிற்று"
என்கிறான் சொங்கோர்.
சாய்வு, முகப்பு, ஓட்டம்,
நான்காவது என்னவோ,
நாலு தாளிலும் முத்திரை.
"தானமாக வந்த குதிரையைப்
பல்லைப் பிடித்தா பார்ப்பாய்?"
பல்லைப் பிடித்துப் பார்க்கத்தானே, சொங்கோர்,
எனக்குச் சம்பளம்.

உமேயோவிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள்.
அவள் தாதி, நள்ளிரவில் பிரசவங்களுக்குப் போகிறவள்.
எழுபதில் ஓட்டும்போது
பின்சீட்டில் யாரோ மூக்கால் அழுகிறார்களாம்.
வண்டியை நிறுத்தினால் நிறுத்திவிடுகிறார்களாம்.
பெட்ரோல் வண்டியென்றால் எஞ்சின் இரைச்சலில்
அந்த அழுகை கரைந்துபோயிருக்கும்.
மின்வண்டிக்கு அந்தப் போர்வை இல்லை.
பழுதுபார்ப்பவன் மூன்றுமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு
தூங்குங்கள் என்றானாம்.

தலைமயிரை ஆயிரமாகப் பிளந்தால்
ஒரு பிளவு எவ்வளவோ
அவ்வளவுதான் பல்லின்மேல் அந்த அலை.
தொட்டால் கண்ணாடி.
அளவறையின் ஊசி அதன்மேல்
ஏறியதும் தெரியாமல் இறங்கியதும் தெரியாமல் போகிறது.

என் இடது காதில் மூன்று வருடமாக ஒரு விசில்.
மருத்துவர் ஹர்ஷானி வரைபடத்தைத் திருப்பிக் காட்டினார்:
எல்லாம் வரம்புக்குள், ஒன்றுமே இல்லை.
அந்தத் தாளை
அளவறைத் தாள்களோடு ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன்.
தவறுதலாக அல்ல.

இரண்டே முக்காலுக்குக் கண்ணில் பட்டது.
சாணைக்கல்லை வைரத்தட்டு தீட்டி முடித்ததும்
வருகிற பதினோரு சக்கரங்களில்தான் கோடு எழும்புகிறது.
பன்னிரண்டாவதில் தலை சாய்க்கிறது.
இருபதில் இல்லை.
அப்படியானால் கல்லுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்,
கல் அதைப் பல்லிடம் ஒப்பிக்கிறது,
நாளாக ஆக மறக்கிறது.

வைரத்தட்டைக் கழற்றினோம்.
சொங்கோர் டார்ச்சை வாயில் கவ்வியபடி
விளிம்பைத் துணியால் துடைத்தான்.
பிசிர் இல்லை, விரிசல் இல்லை, தூசுகூட இல்லை.
அதையே திரும்ப மாட்டினோம்.
கல்லைத் தீட்டி, ஒன்று அரைத்தோம்.

ஐம்பத்து மூன்று இல்லை.

சந்தோஷப்படவும் வரவில்லை.
திருடன் போனதற்குச் சாட்சியாக
ஒரு செருப்பாவது கிடக்க வேண்டாமா?

படிவத்தில் 'காரணம்' என்றொரு கட்டம்.
"தூசு என்று போடு, யார் வந்து பார்க்கப்போகிறார்கள்"
என்றபடி சொங்கோர் காப்பியைக் கலக்குகிறான்.
'தெரியவில்லை' என்று அடித்தேன்.
குறைந்தது இருபது எழுத்து வேண்டும் என்றது கணினி.

'தெரியவில்லை. ஆனால் கேட்டது.
அந்த அம்மாளிடம் சொல்லுங்கள், அவர் கேட்டது சரி.'

வாடிக்கையாளர் பிரிவு கடைசி வரியை வெட்டிவிடும்.
வெட்டட்டும்.
தீட்டியபின் வந்த பதினொன்றுகளை எண்ணினேன்,
இந்த வாரத்தில் மட்டும் நூற்று எழுபத்தாறு.
எல்லாவற்றிலும் பச்சை முத்திரை.
ஒவ்வொன்றாகச் சிவப்புப் பெட்டிக்கு மாற்றுகிறோம்,
கையுறை நனைய,
சொங்கோர் பல்லைக் கடித்துக்கொண்டு.

நான்காம் எந்திரத்தின் கோடுகளை
இன்னும் திறக்கவில்லை.