212 எங்கே போகும்

தார்த்து நகரம். ஜனவரி. நாலு மணிக்கே இருட்டு.
புகைபோட்ட மீன் மணக்கும் ஹெல்வேயின் சமையலறையில்
மூன்று மடிக்கணினி, பாதிக் கறுப்பு ரொட்டி,
ஒரே கேள்வி:
நம் நிரலை இனி எங்கே குடிவைப்பது?

சின்ன நிரல்தான்.
உறைந்த ஏரியில் உணரி சொல்லும் தடிமனைக் கேட்டு
நடக்கலாம்,
வண்டி போகலாம்,
வீட்டிலேயே இரு
என மூன்றில் ஒன்று சொல்லும்.
யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம்.
பதினோரு வருஷமாய்ப் பெரிய மாளிகையில் ஓசிக் குடித்தனம்.
தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம்.
நாங்களும் பார்க்கவில்லை.
ஒரு செவ்வாய்க்கிழமை
மாடே வாயைத் திறந்து காட்டியது.

தப்ரீஸிலிருந்து எழுதும் ஃபர்னூஷுக்குக் கதவு சாத்தியாயிற்று.
உப்பு நீர் உறையும் கணக்கு முழுதும் அவள் எழுதியது.
கணக்கு உள்ளே இருக்கிறது,
அவள் வெளியே.
காரணம் என்ற கட்டத்தில்
அவள் செய்தது எதுவும் இல்லை,
ஒரு நாட்டின் பெயர் மட்டும்.

கௌபோ அட்டவணை போட்டான். அவன் எதற்கும் போடுவான்.
இன்னொரு கம்பெனி: வாசல் அழகு,
வாடகைச் சீட்டில் எறும்பு எழுத்து.
தன்னார்வலர் நடத்தும் சங்கம்: சந்தா கட்டினால் ஓட்டு உண்டு,
வெள்ளி இரவானால் மூச்சிரைக்கும்.
அல்லது ஹெல்வேயின் நிலவறை,
உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் ஒரு பழைய இயந்திரம்.
கரண்ட் போனால்?
உருளைக்கிழங்கு ஒன்றும் சொல்லாது என்றாள்.

நான் இருந்த இடத்திலேயே இருப்போம் என்ற கட்சி.
காரணம் கேட்டார்கள். வேகம் என்றேன், பழக்கம் என்றேன்,
புதியவர்கள் தேடி வரும் சந்தை அதுதான் என்றேன்.
எல்லாம் உண்மை.
எதுவும் காரணமில்லை.

எண் 212. ஒரு வழு.
பனியில் வழு என்றால் விளையாட்டில்லை.
நள்ளிரவு தாண்டிய முதல் அளவு
எப்போதாவது இரண்டு செண்டிமீட்டர் கூடுதலாய்க் காட்டும்.
ஊகு ஒரே ஒரு முறை பார்த்தான்.
துளைக்கருவியோடு போய் ஏரியைக் குடைந்து
நாற்பத்து மூன்று குறிப்பு எழுதினான்.
கடைசிக் குறிப்பு மருத்துவமனைப் படுக்கையிலிருந்து:
என்னால் மறுபடி வரவழைக்க முடியவில்லை.
உங்களில் யாருக்காவது வருகிறதா?

யாருக்கும் வரவில்லை.
மூடவும் மனமில்லை.
ஆறு குளிர்காலமாய்த் திறந்தே கிடக்கிறது.

ஓட்டெடுத்தோம். இரண்டுக்கு ஒன்று. தோற்றேன்.
சங்கத்துக்கே போவது,
நிலவறையில் ஒரு நகல்.
நிரல் நாலு நொடியில் போய்ச் சேர்ந்தது.
மூட்டை கட்டும் வேலையே இல்லை,
ஒவ்வொருவர் மடியிலும் முழு வீடு ஏற்கெனவே இருந்தது.

பேச்சுகள்தாம் அப்படி வருவதில்லை.
வந்தன, ஆனால் ஆள் மாறி வந்தன.
புதிய இடத்தில் கணக்கில்லாதவன் சொன்னதெல்லாம்
கொண்டுவந்தவன் தலையில் ஏறும்.
கொண்டுவந்தவன் நான்.
இரவு ஒரு மணிக்குத் திறந்து பார்த்தேன்:
ஏரியைக் குடைந்தது நான்,
கை விறைத்தது எனக்கு,
படுக்கையிலிருந்து கேட்டதும் நானே.

கௌபோ இதற்கொரு குறுநிரல் எழுதித் தருகிறேன் என்றான்.
வேண்டாம்.
ஒவ்வொன்றாய்த் திறந்தேன். ஒவ்வொன்றின் தலையிலும்
ஊகு சொன்னது
என்று தட்டினேன். முப்பதாவதில் காப்பி ஆறிப்போயிருந்தது.
முப்பத்தெட்டில் அவன் ஓர் எழுத்துப்பிழை விட்டிருந்தான்.
தொடவில்லை.

மூன்றாம் நாள் ஃபர்னூஷ் உள்ளே வந்தாள்.
நன்றி, வணக்கம், எதுவும் இல்லை.
நேரே 212க்குப் போய், நாற்பத்து நான்காவதாய் ஒரு வரி:

எனக்கு வருகிறது.
மைனஸ் ஏழில். தண்ணீரில் கொஞ்சம் உப்பு இருந்தால்.

ஹெல்வேயை எழுப்பினேன்.
உப்பு டப்பாவோடு, செருப்பைக்கூட மாற்றாமல்,
பின்கட்டுப் பனிக்குள் இறங்கினாள்.