கட்டிலோரத்தில் ஒரு கல்

டிசம்பரில் முனீபின் குரல்
மினாராவிலிருந்து இறங்கிவிட்டது.
தொண்டைக்கட்டு என்று பள்ளிவாசலில் சொல்லிவைத்தேன்.
டிராவ்னிக் சின்ன ஊர்.
எந்தத் தொண்டைக்கட்டும் நாற்பது நாள் நீடிக்காது என்று
ரொட்டிக் கடைக்காரருக்கும் தெரியும்.

இருபத்தோரு வருடம் பாங்கு சொன்னவர்
சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.
அது கிப்லாப் பக்கத்துச் சுவர்கூட இல்லை.

ஹாஜி ராஸிம் ஆப்பிளோடு வந்தார்.
"ஈமான் உள்ள நெஞ்சில் இருட்டு தங்காது" என்றார்.
ஆப்பிள் நன்றாக இருந்தது.

நாத்தனார் இவரை
மலையடிவாரத்தில் ஒருத்தியிடம் இழுத்துப்போனாள்.
தலைக்கு மேல் துணி பிடித்து
ஈயத்தை உருக்கித் தண்ணீரில் கொட்டினாள் அவள்.
சுர்ரென்றது.
"நாய். நாயைக் கண்டு பயந்திருக்கிறான்."
எட்டிப் பார்த்தேன்.
ஈயம்தான் தெரிந்தது.
அதற்கு இருபது மார்க்.

டாக்டர் ஜெவாஹிரா போரைப் பற்றிக் கேட்டார்.
"போர் இல்லை."
"பின்னே?"
நெடுநேரம் கழித்து, "காலுறை" என்றார்.
காலையில் ஒன்றைப் போட்டதும்
இன்னும் ஒன்று இருக்கிறதே என்கிற நினைப்பு.
டாக்டர் எழுதிக்கொண்டார்.
காலணித் தொழிற்சாலையில் நாளைக்கு
முந்நூறு ஜோடிக்கு அடி ஒட்டுகிறவள் நான்.
வீட்டிலிருந்த ஒரு ஜோடிக் கால்
எனக்குத் தெரியாமல் போயிற்று.

மாத்திரையை விழுங்கினார், நான் நீட்டியதால்.
குழாயடி வரை ஒன்பது எட்டு.
அதைத்தான் தாண்ட முடியவில்லை.
ஒளூ இல்லையேல் தொழுகை இல்லை,
தொழுகை இல்லையேல் முனீப் இல்லை:
அப்படித்தான் கணக்குப் போட்டார், சுவரில்.

"நோயாளிக்குச் சலுகை உண்டே" என்றேன்.
"நோயாளிக்கு" என்றார்.

எத்தனை பேருக்கு இவரே சொல்லியிருக்கிறார்!
கால் எடுத்த எதேமுக்கு,
டயாலிசிஸ் போகும் ஸெஹ்ராவுக்கு:
நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்து,
உட்கார முடியாவிட்டால் படுத்து,
அதுவும் முடியாவிட்டால் கண்ணால்.
தண்ணீர் ஆகாதென்றால் மண்.
ஊரார் கதவையெல்லாம் திறந்துவிட்ட சாவி
சொந்தப் பூட்டில் நுழையவில்லை.

அன்று எனக்குக் கோபம் வந்தது.
இவர் மேல் என்று நினைத்தேன், இல்லை.
வேலைச் சட்டையோடு, பசை நாற்றத்தோடு
லாஷ்வா ஆற்றங்கரைக்குப் போனேன்.
இரண்டு உள்ளங்கையும் பதிகிற அளவில் ஒரு கல்.
துடைத்து, அடுப்பருகே காயவைத்து,
தண்ணீர்க் குவளைக்கும் மாத்திரை அட்டைக்கும் நடுவில்
கட்டிலோரத்தில் வைத்தேன்.

"என்ன இது?"
"உங்களுக்குத் தெரியும்."
"வீட்டில்தான் தண்ணீர் இருக்கிறதே."
"பாலைவனத்தில் கிடப்பவனுக்கும்
கிணறு எங்கேயோ இருக்கத்தான் செய்கிறது."

கண் வெளுக்கும்வரை அழுத யாகூப் நபியின்
ஈமானை யாரும் தராசில் வைக்கவில்லை என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அதுவும் அவருக்குத் தெரிந்ததுதான்.
விளக்கை அணைத்தேன்.

மூன்று நாள் கல் அப்படியே கிடந்தது.
ஒருமுறை அதன் மேல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைத்தார்.

நான்காம் நாள், விடியுமுன், பனி.
இவருக்குப் பதில் வந்த பையன் பாங்கு சொன்னான்.
தூக்கத்தைப் பற்றி வரும் அந்த வரியில் தடுமாறினான்.
இருட்டில் ஒரு சத்தம்:
உள்ளங்கை கல்லைத் தட்டியது.
பிறகு, மழிக்காத தாடியில் கை உரசுவது.
பிறகு மீண்டும் கல்.

கட்டில் கிறீச்சிட்டது.
சுவரை விட்டுத் திரும்பினார்.
கிப்லா நான் படுத்திருந்த பக்கம்.

தூங்குகிறவள்போல் கிடந்தேன்.
பனி வெளிச்சத்தில், என் தோளுக்கு அப்பால் எங்கோ பார்த்து,
இமைகள் மட்டும் குனிந்தன, நிமிர்ந்தன.
எத்தனை ரக்அத் என்று எண்ணவில்லை.
நடுவிலேயே தூங்கிப்போனார் என்று நினைக்கிறேன்.

மாத்திரை எட்டு மணிக்கு.
எழுப்பிக் கொடுத்தேன்.