தேடிய இடங்கள்

இரவு பத்தே முக்கால்.
உட்துறைமுக வீதியில் கடலைக்காரனும் போய்விட்டான்.
திரையில் சிவப்பாய் ஒரு வசனம்:
அச்சுப்பொறி நூலகம், பதிப்பு இரண்டு புள்ளி நான்கு,
கிடைக்கவில்லை.
தேடிய இடங்கள் என்று
அதன் கீழே ஐந்து முகவரிகள், ஒழுங்காக.

இப்படியான பட்டியலை முன்பும் பார்த்திருக்கிறேன்.
பெரியம்மாவின் மனுக்களில் அது மூன்றாம் பந்தி.
தட்டச்சு செய்து கொடுத்தது நான்தான்:
போன இடம், போன திகதி, சொன்ன பதில்.

அதை இப்போது நினைக்க நேரமில்லை.
இது ஐஸ் கம்பனிச் செயலி.
விடிய நாலுக்கு கொட்பேயில் படகுகள் ஐஸ் ஏற்றும்,
ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டு வேண்டும்.
ரெஜினோல்ட் அண்ணை இரண்டாம் தரம் எடுக்கிறார்:
"சரிவருமோ தங்கச்சி,
இல்லாட்டி பழைய கொப்பியை எடுக்கட்டோ?"

நேற்றுவரை கிடைத்தது என்றுதான் நானும் சொன்னேன்.
கிடைக்கவில்லை.
அந்தக் களஞ்சியம் மூடி எட்டு மாதம்.
என் கணினிதான் தன்னிடமிருந்த பிரதியைக் கொடுத்து
எனக்கும் சொல்லாமல் சமாளித்துக்கொண்டிருந்தது,
இன்று பின்னேரம் வேறொரு பிழைக்காக
இடைத்தேக்கம் முழுவதையும்
நான் துடைத்தெறியும்வரை.

பதிப்பு மூன்று இருக்கிறது, வேறொரு வாசலில்.
அண்ணையின் போன் அதற்குக் கிழம்.
பேச மாட்டாதாம்.

நுபைஸுக்கு எழுதினேன்.
முதலில் இதைக் கட்டியவன், இப்போது டோஹாவில்.
இரண்டு சரி, பிறகு நீலம், பிறகு அவன் குரல்:
"என்ட பழைய லெப்டொப் கிண்ணியாவில கிடக்கு, தங்கச்சிட்ட.
அவ அதுல நாடகம் மட்டும்தான் பாக்குறா.
ஒண்டும் அழிச்சிருக்கமாட்டா."

சிஹாறா நித்திரையிலிருந்து எழும்பி வந்தாள்.
அப்படியொரு கோப்புறையே இல்லை என்றாள்.
இருக்கிறது. பெயர் புள்ளியில் தொடங்கும்,
அதனால் கண்ணில் படாது.
மேலே ஒரு சின்னக் கட்டம் இருக்கும், பாருங்கோ,
மறைந்தவற்றைக் காட்டு என்று.
அதில் ஒரு சரி போடுங்கோ.

கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

"அல்லாஹ்வே, எவ்வளவு கிடக்கு இதுக்குள்ள."

பெயருக்குப் பதில் நாற்பது எழுத்து இலக்கக் குழப்பம்,
அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று.
அவள் வாசிக்க வாசிக்க நான் ஓம் என்றேன், இல்லை என்றேன்.
வந்து சேர்ந்தபோது அறுபத்திரண்டு கிலோபைட்.
ஒரு செல்ஃபிக்குக் காணாது.

அதோடு முடிந்ததென்று தேத்தண்ணி வைத்தேன்.
சிவப்பு மறுபடியும்:
ஒரே வகுப்பு இரண்டு தரம் வந்திருக்கிறது.
மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும்
தனித்தனியே அதே கமராக்காரனுக்கு
முற்பணம் கொடுத்த மாதிரி,
வரைபட நூலகமும் அச்சுப்பொறி நூலகமும்
ஆளுக்கொரு பிரதியைக் கையோடு கொண்டுவருகின்றன,
ஒன்று புதுசு, ஒன்று பழசு.
யார் எதைக் கேட்டு வந்தது என்று
மரத்தை விரித்து, கிளை கிளையாய் இறங்கி,
ஒரு மணிக்குப் பிறகு ஒற்றை வரி எழுதினேன்:
நீ வா, உன்னோடு வருவது வரவேண்டாம்.

ஒன்று நாற்பத்தியெட்டு. பச்சை.
நான் ஒன்றும் கத்தவில்லை.
ஆறிய தேத்தண்ணியை நின்றபடி குடித்தேன்.

அந்தக் கோப்பை இனி எந்த வாசலிலும் கேட்கப்போவதில்லை.
எங்கள் செயலியின் உள்ளேயே ஒரு கோப்புறை,
புள்ளி வைக்காத பெயர்,
பக்கத்தில் ஒரு குறிப்பு, அடுத்து வருபவருக்கு:
இதை அழிக்கவேண்டாம்.
கிண்ணியாவிலிருந்து வந்தது.

நாலேகாலுக்கு அண்ணை ஒரு படம் அனுப்பினார்.
ஈரக் கையில் முதல் சீட்டு.
ஐஸ் பெட்டி பன்னிரண்டு, தொகை சரி, திகதி சரி,
பெட்டியின் கொம்பு மட்டும் கழன்று
தனியே ஓரமாய் நிற்கிறது.

அது அச்சுப்பொறியின் எழுத்துருப் பிழை.
வேறு நூலகம்.